உங்கள் வீட்டு விளக்கும், எண்ணூர் சாம்பலும்

சாயங்காலம் ஆகிறது. வீட்டில் விளக்கைப் போடுகிறீர்கள். மின்விசிறி சுற்றுகிறது. பையன் பாடம் படிக்கிறான். அடுப்படியில் மிக்சி ஓடுகிறது.

இதில் புகை உண்டா? இல்லை. கரி உண்டா? இல்லை. மின்சாரத்தைப் போலச் சுத்தமான பொருள் வேறு எதுவும் இல்லை என்று தோன்றும்.

ஆனால் உங்கள் வீட்டில் வராத புகை வேறு ஓர் ஊரில் வருகிறது. உங்கள் வீட்டில் விழாத சாம்பல் வேறு ஒருவர் வாசலில் விழுகிறது. சென்னை நகரவாசிகளுக்கு அந்த வேறு ஊர், எண்ணூர்!

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நிலக்கரியை எரித்து ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க சுமார் 700 கிராம் நிலக்கரி வேண்டும். நம் நாட்டு நிலக்கரியில் மண்ணும் கல்லும் அதிகம். 100 கிலோ எரித்தால் 30 முதல் 40 கிலோ வரை சாம்பல் மிஞ்சும். இரண்டு மாதத்திற்கு 200 யூனிட் செலவு செய்யும் ஒரு சாதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மின்சாரம் முழுவதும் நிலக்கரியில் இருந்து வந்தால் 140 கிலோ நிலக்கரி எரிய வேண்டும். சாம்பல் மட்டும் ஏறக்குறைய 50 கிலோ. அதாவது ஒரு சிமெண்டு மூட்டை!

மின்சார பில் வீட்டுக்கு வந்துவிடுகிறது. சாம்பல் மூட்டை வருவது இல்லை. அது எங்கே போகிறது? அதைத் தெரிந்துகொள்ள காலடிப்பேட்டைக்குப் போகலாம், வாருங்கள்.

காலெட் துரை

திருவொற்றியூரைச் சேர்ந்தது காலடிப்பேட்டை. இப்பொழுது அங்கே மெட்ரோ ரெயில் நிற்கிறது. 2021 பிப்ரவரி 14-ந் தேதி, வண்ணாரப்பேட்டையில் இருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ பாதை நீட்டப்பட்டபோது இந்த ஸ்டேஷன் திறக்கப்பட்டது. தூண்களின் மேல் உயரத்தில் கட்டிய ஸ்டேஷன். மேலே போய் நின்றால், கிழக்கே கடல். மேற்கே மணலி. வடக்கே எண்ணூர்.

"காலடி" என்றதும் ஏதோ ஒரு மகானின் காலடி பட்ட இடம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜோசப் காலெட் என்று ஒரு வெள்ளைக்காரர். 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஏற்றுமதி செய்யத் துணி வேண்டி இருந்தது. எனவே நெசவாளர்களை இங்கே குடியேற்றினார். "காலெட் பேட்டை" என்று பெயர் வந்தது. வெள்ளைக்காரர் போய்விட்டார். அவருடைய பெயர் மக்கள் வாயில் புகுந்து, "காலடிப்பேட்டை" ஆகிவிட்டது.

துணி வேண்டும் என்றால் நெசவாளிக்கு வீடு வேண்டும், தெரு வேண்டும் என்பது லாபம் ஒன்றையே பார்த்த கம்பெனிக்குக்கூட 300 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்து இருக்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நெசவுக்குப் பின் ஆலைகள் வந்தன. தீப்பெட்டி செய்த விம்கோ வந்தது. எண்ணூரில் அசோக் லேலண்டு லாரிகளும் பஸ்களும் செய்தது. 1955-ல் திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. இந்திய "புல்லட்" பிறந்த ஊர் இது! மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் வந்தன. வேலை கிடைத்தது. கூடவே புகையும் கிடைத்தது. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டில் மிகவும் மாசுபட்ட தொழிற்பகுதிகளின் பட்டியலை வெளியிட்டது. அதில் மணலியின் பெயரும் இருந்தது.

சாம்பல் ஆறு

எண்ணூர் அனல் மின்சார நிலையம் 1970-ல் ஓடத் தொடங்கியது. 5 எந்திரங்கள். மொத்தம் 450 மெகாவாட். 47 ஆண்டுகள் உழைத்து, 2017 மார்ச் 31-ந் தேதி மூடப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே பக்கத்தில் பெரிய தம்பிகள் பிறந்துவிட்டார்கள். வடசென்னை அனல் மின்சார நிலையம் 1990-களில் 630 மெகாவாட்டுடன் தொடங்கியது. பிறகு 1,200 மெகாவாட் சேர்ந்தது. 2024 மார்ச்சில் இன்னும் ஒரு 800 மெகாவாட் எந்திரம் தொடங்கி வைக்கப்பட்டது. வல்லூரில் 1,500 மெகாவாட் தனி.

இவற்றுக்கு நிலக்கரி எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி ஒரிசாவில் இருந்து. சுரங்கத்தில் வெட்டி, ரெயிலில் ஏற்றி, பாரதீப் துறைமுகத்திற்குக் கொண்டுபோய், கப்பலில் ஏற்றி, எண்ணூரில் இறக்குகிறார்கள். பிறகு அதை மாவு போல அரைக்கிறார்கள். அந்த மாவை ஊதி எரிக்கிறார்கள். தண்ணீர் கொதிக்கிறது. நீராவி பீறிட்டு வந்து சக்கரத்தைச் சுழற்றுகிறது. மின்சாரம் பிறக்கிறது.

மிச்சம் சாம்பல். முகத்துக்குப் போடும் பவுடர் போல மெல்லியது. அதில் ஒரு பகுதியை சிமெண்டு ஆலைகளும் கல் அறுப்பவர்களும் வாங்கிப் போகிறார்கள். மீதியைத் தண்ணீரில் கரைத்து, கூழ் போல ஆக்கி, குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். வினை இங்கேதான் ஆரம்பித்தது. குழாய்கள் பழையதாகி உடைந்தன. உடைந்த இடத்தில் எல்லாம் சாம்பல் கூழ் கொட்டியது. கொட்டிய இடம் கொசஸ்தலை ஆறு!

ஆற்றின் அடியில் சாம்பல் படிந்தது. ஆழம் குறைந்தது. படகு தட்டியது. தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள் அந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய விரல்களுக்குச் சேற்றுக்குப் பதில் சாம்பல் கிடைத்தது. நீங்களும் நானும் அனுப்பிய மூட்டைதான் அது.

மீனவர்கள் வழக்குப் போட்டார்கள். 2022 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு தீர்ப்புக் கூறியது. மின்சார வாரியம்தான் பொறுப்பு, ஆற்றைச் சீர்செய்ய வேண்டும் என்று கூறியது.

சாம்பலோடு தொல்லை முடிந்ததா என்றால், இல்லை. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி, கடலில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் "மிக்ஜாம்" புயல் மழையின்போது மணலிப் பக்கம் இருந்து எண்ணெய் வெள்ளத்தோடு வந்து முகத்துவாரத்தில் கலந்தது. அதே மாதத்தில் உரத் தொழிற்சாலைக் குழாயில் இருந்து அமோனியா வாயு கசிந்து, பெரியகுப்பம் மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். ஒரே ஊர் எத்தனையைத்தான் தாங்கும்?

7 ரூபாயும் 2 ரூபாயும்

நிலக்கரி இல்லாமல் மின்சாரம் எடுக்க முடியாதா? முடியும். அதில் தமிழ்நாடு முன்னோடி.

1986-ல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் காற்றாலை நிறுவி சோதனை செய்தார்கள். "காற்றாடியில் மின்சாரமா?" என்று அன்று சிரித்தவர்கள் உண்டு. இன்று ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ரெயிலில் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் காற்றாலைதான். மாநிலம் முழுவதும் 11 ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் நிறுவப்பட்டு இருக்கின்றன. வெயிலில் இருந்து மின்சாரம் எடுக்கும் தகடுகள் 10 ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டன. ராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதி என்றால் முன்பு கருவேல மரமும் வறட்சியும்தான் நினைவுக்கு வரும். 2016-ல் அங்கே 648 மெகாவாட் சூரிய மின்சார நிலையம் அமைந்தது.

அந்த மின்சாரத்துக்குப் பேசிய விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு. மறு ஆண்டே, 2017 மே மாதம், ராஜஸ்தானில் பட்லா என்ற பாலைவன ஊரில் சூரிய மின்சாரம் ஏலம் போனது. விலை எவ்வளவு தெரியுமா? 2 ரூபாய் 44 காசு! தகடு செய்யும் வித்தை வளர வளர, விலை மளமளவென்று இறங்கிவிட்டது. விஞ்ஞானத்தின் வேலை இது. இதைச் சர்க்கார் உத்தரவு போட்டுச் செய்ய முடியாது. ஆனால் விலை இறங்கும் நாளில் அதை வாங்கிக்கொள்ளத் தயாராக இருப்பது சர்க்காரின் வேலை.

ராத்திரிக்கு என்ன செய்வது?

நியாயமான கேள்வி. ராத்திரியில் சூரியன் இல்லை. காற்றோ, மே மாதத்தில் இருந்து செப்டம்பர் வரை அடிக்கும். மற்ற மாதங்களில் மனம் வைத்தால் உண்டு. சென்னைவாசி ராத்திரி 10 மணிக்கு ஏ.சி. போடுகிறார். 2024 மே 2-ந் தேதி தமிழ்நாட்டின் மின்சாரத் தேவை 20 ஆயிரத்து 830 மெகாவாட்டைத் தொட்டது. "நிலக்கரியை விட்டால் கதி என்ன?" என்று மின்சார வாரிய என்ஜினீயர்கள் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது.

இதற்கு ஒரு பழைய தந்திரம் நம்மிடமே உண்டு. கோவை மாவட்டம் வால்பாறைப் பக்கத்தில் காடம்பாறை என்று ஒரு மின்சார நிலையம் இருக்கிறது. 1987-ல் தொடங்கியது. 400 மெகாவாட். அங்கே மேலே ஓர் அணை, கீழே ஓர் அணை. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணைத் தண்ணீரை மேலே ஏற்றுகிறார்கள். தேவைப்படும் நேரத்தில் அதே தண்ணீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். ஏற்றும்போது கொஞ்சம் நஷ்டம் உண்டு. ஆனால் உண்டியலில் காசு போட்டு வைப்பது போல, பகல் மின்சாரத்தை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளலாம். இப்பொழுது அதையே ராட்சத பாட்டரிகளைக் கொண்டு செய்கிறார்கள்.

இந்த நிலையில்தான் எண்ணூருக்கு ஒரு புதிய கேள்வி வந்தது. மூடிய பழைய மின்சார நிலையத்தின் இடத்தில் 660 மெகாவாட்டில் புதிய அனல் மின்சார நிலையம் கட்டுவது என்பது திட்டம். 2024 டிசம்பரில் எர்ணாவூரில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். பலர் எதிர்த்தார்கள். 47 ஆண்டுகள் சாம்பலில் வாழ்ந்தவர்கள் இன்னும் ஒரு முறை அதே விருந்துக்கு வா என்றால் வருவார்களா?

என்னுடைய அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் வேண்டும். ஆனால் வீடுகள் நெருங்கிய எர்ணாவூரில் புதிதாக நிலக்கரி எரிக்க வேண்டியது இல்லை. அந்த இடத்தைப் பாட்டரி நிலையத்துக்குக் கொடுக்கலாம். மின்சார நிலையம் இருந்த இடம், நகரத்துக்கு மின்சாரம் அனுப்பிப் பழகிய இடம். பாட்டரிக்குக் கப்பல் வேண்டாம், புகைபோக்கி வேண்டாம், சாம்பல் குளம் வேண்டாம்.

அதற்காகப் பாட்டரியும் பரம சாது என்று சொல்லமாட்டேன். அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்தில், மோஸ் லாண்டிங் என்ற ஊர். அங்கே பழைய மின்சார நிலையத்தின் இடத்தில் மிகப் பெரிய பாட்டரி நிலையம் வைத்தார்கள். 2025 ஜனவரியில் அது தீப்பிடித்தது. அக்கம்பக்கத்து மக்களை வெளியேற்ற வேண்டியது ஆயிற்று. ஒரே கட்டடத்துக்குள் நெருக்கி அடுக்கியதால் தீ பரவியது. எனவே வைப்பவர்கள் இடைவெளி விட்டு வைக்க வேண்டும். எண்ணூர் மக்கள் குழாய் உடைந்த கதையைப் பார்த்தவர்கள். "பத்திரமாகப் பார்த்துக்கொள்வோம்" என்ற வாய்ச்சொல் அவர்களுக்குப் போதாது.

மொட்டை மாடி

"வீட்டுக்கு வீடு தகடு வைத்துவிட்டால் போகிறது" என்று சொல்பவர்கள் உண்டு. 2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் இதற்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. மொட்டை மாடியில் 1 கிலோவாட் தகடு வைத்தால் 30 ஆயிரம் ரூபாய் மானியம். 2 கிலோவாட்டுக்கு 60 ஆயிரம். 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78 ஆயிரம்.

நல்ல திட்டம். ஆனால் காலடிப்பேட்டையில் நின்று கணக்குப் பாருங்கள்.

1 கிலோவாட் வைக்க சுமார் 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். நெசவாளர் தெருக்களில் ஒட்டு வீடுகள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாடி ஏற்றினால் நம் மாடியில் நிழல் விழும். தகட்டின் விலை 60, 70 ஆயிரம். மானியம் போகக் கையில் இருந்து 30, 40 ஆயிரம் போட வேண்டும். இப்பொழுது மின்சார பில்லைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2016-ல் இருந்து இரண்டு மாதத்திற்கு முதல் 100 யூனிட் இலவசம். 200 யூனிட் செலவு செய்யும் குடும்பத்துக்கு பில் 250 ரூபாய்க்குள்தான் வரும். வருஷத்துக்கு 1,500 ரூபாய். 1,500 ரூபாயை மிச்சம் பிடிக்க 30 ஆயிரம் போட்டால், போட்ட பணம் வர 20 வருஷம் ஆகும். எந்தக் குடும்பத் தலைவி சம்மதிப்பார்?

இலவச மின்சாரம் ஏழைக்கு வேண்டும். அதில் தகராறு இல்லை. ஆனால் ஒரு சர்க்கார் இலவசம் கொடுக்க, இன்னொரு சர்க்கார் தகடு வை என்று சொல்ல, இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு நிற்கின்றன. பில் அதிகம் வரும் பங்களாக்காரர் மானியத்தை வாங்கிப் போய்விடுகிறார். வாடகை வீட்டுக்காரருக்கு மாடியே இல்லை!

இதற்கு ஒரு கிராமம் வழி காட்டி இருக்கிறது. மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓடந்துறை. அங்கே பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர் ஆர்.சண்முகம். 2006-ல் அந்தப் பஞ்சாயத்து சொந்தமாக ஒரு காற்றாலை வாங்கியது. விலை 1 கோடியே 55 லட்சம் ரூபாய். பஞ்சாயத்துச் சேமிப்பில் இருந்து 40 லட்சம். மீதி 1 கோடியே 15 லட்சம் பாங்கிக் கடன். ஓடந்துறையில் அவ்வளவு காற்று இல்லை. எனவே காற்று அடிக்கும் உடுமலைப்பேட்டைப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வருஷத்துக்கு சுமார் 6¾ லட்சம் யூனிட் கிடைத்தது. பஞ்சாயத்தின் தேவை 4½ லட்சம். மீதியை மின்சார வாரியத்துக்கு விற்றார்கள். அந்த வருமானத்தில் கடனை அடைத்தார்கள்.

காற்றாலை ஒரு ஊரில், பலன் வேறு ஊரில். எண்ணூர் விவகாரமும் அதுதானே என்று கேட்காதீர்கள். காற்றாலைக்குச் சாம்பல் இல்லை! மேலும், எந்திரம் ஊராருக்குச் சொந்தம். தனித்தனியாக யாரும் 30 ஆயிரம் தேட வேண்டியது இல்லை. சென்னை மாநகராட்சிக்குப் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. சமூகக் கூடங்கள் இருக்கின்றன. அவற்றின் மாடிகள் வெயிலில் சும்மா காய்கின்றன. திருவொற்றியூர் மண்டலத்து மாடிகளில் தகடு வைத்து, வரும் பணத்தை எண்ணூர், காலடிப்பேட்டை வட்டாரத்துக்கே செலவு செய்தால் என்ன? கூரை இல்லாத குடித்தனக்காரருக்கும் அதில் பங்கு கிடைக்கும்.

புல்லட் மெக்கானிக்

இனி, வேலையைப் பற்றி.

2025 ஜூன் 30-ந் தேதி வியாசர்பாடி பணிமனையில் 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். அசோக் லேலண்டின் துணைக் கம்பெனியான "ஸ்விட்ச்" தயாரித்த பஸ்கள் அவை. டீசல் இல்லை. சத்தம் இல்லை. பின்னால் நிற்பவர் முகத்தில் கரி இல்லை. வடசென்னைக்கு நல்ல காலம் என்று சந்தோஷப்படலாம்.

ஆனால் டீசல் என்ஜினில் நூற்றுக்கணக்கான பாகங்கள். பிஸ்டன், வால்வு, பம்பு, ஆயில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கை வேண்டும். மின்சார மோட்டாரில் அசையும் பாகங்கள் மிகக் குறைவு. புல்லட்டைப் பிரித்து மாட்டிப் பிழைக்கும் மெக்கானிக்குகள் இந்தப் பக்கத்தில் ஏராளம். சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடும் ஆட்கள்! சத்தமே போடாத வண்டி வந்து நின்றால் அவர்கள் எதைக் கேட்பார்கள்?

பயிற்சி கொடுக்கத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2015-ல் மத்திய சர்க்கார் "சூரியமித்ரா" என்ற பெயரில் ஒரு பயிற்சி தொடங்கியது. 600 மணி நேரம். தகடு பொருத்தவும் பழுது பார்க்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளிக்கரணையில் தேசிய காற்றாற்றல் நிறுவனம் இருக்கிறது. அங்கேயும் பயிற்சி உண்டு. ஆனால் "சூரியமித்ரா" போன்ற பயிற்சி ஐ.டி.ஐ. படித்த பிள்ளைகளை மனதில் வைத்துப் போட்ட திட்டம். எட்டாவதோடு நின்று, அப்பாவின் பட்டறையில் ஸ்பானர் பிடித்தவனுக்கு அந்தக் கதவு திறப்பது கடினம். 40 வயது மெக்கானிக் மூன்று மாதம் கடையைப் பூட்டிவிட்டுப் பாடம் படிக்கப் போக முடியுமா? வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

காலெட் துரை நெசவாளியைத் தேடிக் கொண்டுவந்து, வீடும் கொடுத்துத் துணி நெய்யச் சொன்னார். இன்று தொழில் மாறுகிறது. தொழிலாளியை யாரும் தேடி வரவில்லை. மெக்கானிக்குக்கு வேண்டியது பெரிய கல்லூரி அல்ல. காலடிப்பேட்டையிலேயே ஒரு மாநகராட்சிப் பள்ளிக்கூடம் போதும். ராத்திரி 8 மணிக்கு, கடை அடைத்த பிறகு வகுப்பு. பிரித்துப் பார்க்க இரண்டு பழைய மின்சார ஸ்கூட்டர்கள். பாட்டரியைத் தொட்டால் எங்கே ஷாக் அடிக்கும், எங்கே அடிக்காது என்று தமிழில் சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியார்.